முதலியார்குப்பத்திலிருந்து ஆலம்பரைக்கு: ஒரு துடுப்புத் தடம் போட்ட பதிவு

செயற்கைக்கோள் படத்தில் ஓதியூர் ஏரி ஒரே நீலமாகத் தெரியும். முதலியார்குப்பத்தில் படகை இறக்கித் தெற்கே திருப்பினால் ஆலம்பரைக் கோட்டை வரை கண்ணை மூடிக்கொண்டு துடுப்புப் போடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். நேர்கோட்டில் அளந்தால் பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை. கோடையில் போய்ப் பார்த்தால் அந்த நீலத்தில் நல்ல பகுதி கணுக்காலளவுத் தண்ணீர். அதற்கடியில் முழங்காலளவுச் சேறு. படகு ஓடாது. இறங்கித் தள்ளலாம் என்றால் கால் நிற்காது. இதற்கு நடுவே ஓடக்கூடிய வழியைக் கண்டுபிடித்து, ஏறவும் இறங்கவும் இடம் அமைத்து, வரைபடம் போட்டு, இந்தப் பக்கமே தெரியாத ஒருவர் வந்தாலும் பத்திரமாகப் போய்த் திரும்பும்படி செய்ய முடியுமா என்று நாங்கள் சிலர் இறங்கிப் பார்த்த வேலையின் பதிவு இது.

இடம் செங்கல்பட்டு மாவட்டம், செய்யூர் வட்டம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கல்பாக்கம் தாண்டிப் பாலாற்றைக் கடந்து மரக்காணம் நோக்கிப் போகும் வழியில் சாலையை ஒட்டி விரியும் உவர்நீர்ப் பரப்பு. ஊர்க்காரர்கள் ஏரி என்றுதான் சொல்வார்கள். கடலோடு முகத்துவாரம் வழியாகத் தொடர்புள்ள உப்பங்கழி அது. முதலியார்குப்பத்தில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் இருக்கிறது. விசைப்படகில் அக்கரை மணல் திட்டுக்கு அழைத்துப் போய்க் கொண்டுவந்து விடுவார்கள். தெற்கே கடப்பாக்கத்தை ஒட்டி ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடு. சென்னையிலிருந்து வரும் பக்கிங்காம் கால்வாயும் இந்தக் கழிக்குள் புகுந்துதான் மரக்காணம் போகிறது.

அந்தக் கால்வாயைச் சொல்லாமல் இங்கே படகைப் பற்றிப் பேசக் கூடாது. 1806-இல் சென்னைக்கு வடக்கே எண்ணூர்ப் பக்கம் தொடங்கிய வெட்டு, பிறகு வடக்கிலும் தெற்கிலும் நீண்டது. 1876–78 பஞ்சத்தின்போது நிவாரண வேலையாகக் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையிலான பகுதியைத் தோண்டி இணைத்தார்கள். 1878-இல் அப்போதைய ஆளுநரான பக்கிங்காம் கோமகனின் பெயரை வைத்தார்கள். உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் இதில்தான் சென்னை போயின. 1930களில் பாரதிதாசன் நண்பர்களோடு சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு இந்தக் கால்வாயில்தான் தோணி ஏறிப் போனார். ஆகவே இங்கே படகில் போவது புதுமை ஒன்றுமில்லை. லாரி வந்ததும் விட்டுப்போன பழக்கம், அவ்வளவுதான்.

பொழுதுபோக்குப் படகுத் தடம் என்ற ஏற்பாட்டுக்கு நாங்கள் மாதிரியாக எடுத்துக்கொண்டது அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் 1988-இல் தொடங்கிய தீவுத் தடத்தை. சுமார் 600 கிலோமீட்டர் கடலோரம். அங்கே யாரும் கால்வாய் வெட்டவில்லை, கான்கிரீட் போடவில்லை. சிறுபடகுக்காரர்கள் எந்தெந்தத் தீவில் இறங்கலாம், எங்கே கூடாரம் போடலாம் என்று அரசிடமும் தனியார் உரிமையாளர்களிடமும் பேசி அனுமதி வாங்கினார்கள். பதிலுக்கு அந்தத் தீவுகளைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தன்னார்வலர்கள் பொறுப்பேற்றார்கள். தண்ணீர் எல்லோருக்கும் பொது, கரைக்கு மட்டும் சொந்தக்காரர் உண்டு. எங்கள் வேலையிலும் பெரும்பங்கு கரையில்தான் நடந்தது.

முதலில் படகு. எங்களிடம் இருந்தவை இரண்டு வகை. ஒன்று, கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் கயாக். மேலே உட்கார்ந்து ஓட்டுவது, உள்ளே தண்ணீர் தேங்காது. இன்னொன்று நாங்களே செய்த தட்டையடிக் கேனோ. ஐஎஸ் 710 தர முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டை வெட்டி, ஓரங்களில் துளையிட்டுச் செம்புக் கம்பியால் தைத்து, மூலைகளில் எப்பாக்சி என்கிற பிசினோடு மரத்தூள் குழைத்துப் பூசி, மேலே கண்ணாடி இழைத் துணி ஒட்டியது. சேற்றுக் கழிக்குத் தட்டையடிதான் சரி. ஆளை ஏற்றிய பிறகும் ஒரு சாண் தண்ணீரில் மிதக்கும். காற்றில் கொஞ்சம் பக்கவாட்டில் வழுக்கிப் போகும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இரண்டு படகுக்கும் பொதுவான எதிரி ஆளி என்கிற சிப்பியின் ஓடு. பாலத் தூண், பழைய செங்கல் கட்டுமானம், கருங்கல் என்று கெட்டியான எதன்மேலும் ஆளி ஒட்டி வளர்ந்திருக்கும். அதன் விளிம்பு பிளேடு மாதிரி. பிளைவுட் படகுக்கு வைத்தியம் சுலபம். கிழிந்த இடத்தை உரசி, நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, முழுதும் காயவிட்டு, எப்பாக்சியும் ஒரு துண்டு இழைத் துணியும் வைத்தால் முடிந்தது. உப்பும் ஈரமும் உள்ளே நின்றால் ஒட்டு நிற்காது. அதனால் ஒட்டுவதைவிடக் காயவைப்பதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். பிளாஸ்டிக் கயாக் வேறு சாதி. பாலிஎத்திலீன்மேல் எப்பாக்சி ஒட்டவே ஒட்டாது. நகத்தால் பெயர்த்தால் அப்பளமாக வந்துவிடும். அதே வகைப் பிளாஸ்டிக்கில் மெல்லிய பட்டை வெட்டி, பற்றவைக்கும் இரும்பின் தட்டை நுனியால் படகையும் பட்டையையும் சேர்த்து இளக்கி, பள்ளத்தில் தேய்த்து நிரப்ப வேண்டும். புகை வரும் அளவுக்குச் சூடேறினால் பிளாஸ்டிக் கருகி வலுவிழந்துவிடும். வெண்ணெய்ப் பதத்துக்கு இளகியதும் நிறுத்திவிட வேண்டும். ஆறியபின் பிசிறைச் சவரக்கத்தியால் சீவிவிட்டால் படகு சத்தமில்லாமல் வழுக்கும்.

அடுத்தது ஆழம் பார்ப்பது. இதற்கு நாங்கள் செய்த கருவி ஒரு மூங்கில் கோல். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு பட்டையாகச் சிவப்பும் வெள்ளையும் பூசியது. இங்கே வெறும் கோலை ஊன்றினால் அது பாட்டுக்குச் சேற்றுக்குள் இறங்கிக்கொண்டே போகும். இடுப்பளவு ஆழம் என்று பொய்க் கணக்குக் காட்டும். அதனால் இரண்டு கோல் வைத்துக்கொண்டோம். ஒன்றின் அடியில் பெயின்ட் டப்பாவின் மூடியை ஆணியடித்துப் பொருத்தினோம். மூடி சேற்றின் மேல்மட்டத்தில் நின்றுவிடும், அது தண்ணீரின் ஆழம். மூடியில்லாத கோல் கெட்டித் தரையைத் தொடும்வரை போகும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சேற்றின் ஆழம். படகு ஓட்டுபவருக்கு முதல் எண் போதும். கவிழ்ந்தால் என்ன ஆகும் என்று யோசிப்பவருக்கு இரண்டாவது எண்தான் முக்கியம். இந்தக் கழியில் ஆபத்து ஆழத்தில் இல்லை. தண்ணீர் இடுப்புவரைதான் என்று தைரியமாக எழுந்து நிற்பவரின் இரண்டு காலையும் சேறு பிடித்துக்கொள்ளும். கவிழ்ந்தால் நிற்காதே, படகைப் பிடித்துக்கொண்டு மிதந்தபடியே ஏறு என்று வரைபடத்தின் பின்பக்கம் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறோம்.

கோலை ஊன்றிய ஒவ்வொரு இடத்தையும் கைப்பேசியின் ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொண்டோம். திறந்த வெளியில் அது நாலைந்து மீட்டர் முன்னே பின்னே காட்டும். இவ்வளவு அகலமான நீரில் அது போதும். வீட்டுக்கு வந்து கியூஜிஐஎஸ் என்கிற வரைபட மென்பொருளில் புள்ளிகளைப் போட்டு, அடியில் சென்டினல்-2 படங்களை வைத்துப் பார்த்தோம். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் இந்தச் செயற்கைக்கோள் படங்கள் இலவசம். ஒரே இடத்தை ஐந்து நாளுக்கு ஒருமுறை எடுக்கின்றன, நுணுக்கம் பத்து மீட்டர். டிசம்பர்ப் படத்தையும் மே மாதப் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் எந்தத் திட்டு எப்போது தலைகாட்டுகிறது என்று தெரிந்துவிடும். கோடையிலும் நிறம் மாறாமல் கருநீலமாக நிற்கும் இழைதான் எங்கள் தடத்துக்கு முதுகெலும்பு. பெரும்பாலும் அது மீனவர்களின் படகுகள் போய்வந்து திறந்து வைத்த ஓடையாகவே இருந்தது. கோல் போடுவதற்கு முன்னாலேயே அவர்களிடம் கேட்டிருந்தால் பாதி வேலை மிச்சம்தான். ஆனால் எண் இல்லாமல் வரைபடம் போட முடியாது.

ஏற்றவற்றக் கணக்கு கொஞ்சம் சிக்கல். சென்னைத் துறைமுகத்துக்கு அட்டவணை உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சுமார் ஒரு மீட்டர் வித்தியாசம் இருக்கும்; அஷ்டமி, நவமியில் அதில் பாதிகூட இராது. அட்டவணையைப் பார்த்துக் கழிக்குள் படகு விட்டால் ஏமாந்துபோவோம். முகத்துவாரம் என்கிற குறுகிய வாசல் வழியாகத்தான் கடல்நீர் உள்ளே வர வேண்டும். அதனால் உள்ளே ஏற்றம் தாமதமாக வருகிறது, உயரமும் குறைந்து வருகிறது. எவ்வளவு தாமதம் என்று பார்க்கக் கரையோரம் ஒரு சவுக்குக் கம்பை ஊன்றி அளவுகோல் பட்டையை ஒட்டி, ஒருவர் அங்கேயே உட்கார்ந்து அரைமணிக்கொருதரம் எழுதினார். இரண்டு வெவ்வேறு மாதங்களில் எழுதிய தாள்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் தாளைக் காட்டினோம்.

"அண்ணே, போன முறை மத்தியானத்துக்கு ஏறிய தண்ணீர் இந்த முறை அசையவே இல்லையே?"

அவர் தாளைப் பார்க்கவில்லை. "முகம் அடைத்துக்கொண்டிருக்கிறது சார். மணல் ஏறிவிட்டது. இனி ஏற்றமும் கிடையாது, வற்றமும் கிடையாது. மழை பெய்து உடைக்கிற வரைக்கும் காற்றுதான் தண்ணீரை இங்கேயும் அங்கேயும் தள்ளும்."

அதுதான் விஷயம். முகம் திறந்திருக்கும் காலத்துக்கு ஒரு கணக்கு, மூடிய காலத்துக்கு இன்னொரு கணக்கு. மூடிய காலத்தில் ஒரே பக்கமாகப் பலத்த காற்று வீசினால் தண்ணீர் எதிர்க்கரையில் போய்க் குவியும். காற்று புறப்படும் பக்கத்தில் சேறு வெளியே தெரியும். வரைபடத்தில் ஆழ எண்களை இரண்டு நிறத்தில் அச்சிட்டதற்குக் காரணம் இந்தப் பெரியவர்தான். எந்த நிறத்தைப் படிப்பது என்று தெரிய, புறப்படும் முன் முகத்துவாரத்தின் நிலையை மீனவர் யாரிடமாவது கேட்டுக்கொள்ள வேண்டும். எந்தச் செயலியும் இதைச் சொல்லாது.

இனி இறங்குதுறை. முதலியார்குப்பம் முனையில் சிக்கல் இல்லை. கெட்டியான கரை, வண்டி நிறுத்த இடம், எல்லாம் உண்டு. சிக்கல் நடுவழியில்தான். துடுப்புப் போடப் பழகாதவர் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது கரையேறி முதுகை நிமிர்த்த வேண்டும். மேற்குக் கரையில் பனைமரம் வரிசையாக நிற்கும் ஒரு மேடு கண்ணில் பட்டது. நிழல் இருக்கிறது, காற்றும் மறைகிறது. ஆனால் தண்ணீருக்கும் மேட்டுக்கும் நடுவே ஒரு கபடி ஆடுகளத்தின் நீளத்துக்குச் சேறு.

கான்கிரீட் படி என்ற பேச்சையே எடுக்கவில்லை. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள், 2011-இல் வந்ததும் சரி, 2019-இல் வந்ததும் சரி, உயிர்ப்புள்ள சேற்றுத் திட்டுகளையும் உப்புச் சதுப்புகளையும் உச்சக் காப்பு வகையில் வைத்திருக்கின்றன. அங்கே நிரந்தரக் கட்டுமானம் எழுப்ப நமக்கு உரிமை இல்லை, ஆசையும் வேண்டாம். தேவைப்படும்போது சுருட்டி எடுத்துவிடக்கூடிய பாதை ஒன்றே வழி. நிலத்துக்காரர் இடம் கொடுக்க இசைந்தார். பனங்காய்க் காலத்தில் ஆட்கள் வந்து போவதைத் தடுக்கக் கூடாது, மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது என்று இரண்டே நிபந்தனை. அவற்றை எழுதி வாங்கிக்கொண்டு, ஊராட்சியிலும் மீனவர் பஞ்சாயத்திலும் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினோம்.

பொருள் அங்கேயே கிடைத்தது. இந்தக் கடலோரம் முழுக்கச் சவுக்குத் தோப்பு. கைப்பிடியளவு பருமனுள்ள கழிகளை ஆறடி நீளத்துக்கு வெட்டி, பட்டை உரிக்காமல், ஒரு கழிக்கும் அடுத்ததற்கும் நாலு விரற்கடை இடைவெளி விட்டுப் படுக்கப் போட்டோம். இரு ஓரத்திலும் நைலான் கயிறு. ஒவ்வொரு கழியையும் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்து, மறுபடி அடியில் கொடுத்து வாங்கி இறுக்கிவிட்டு அடுத்த கழிக்குப் போவது. முடிவில் கிடைப்பது தரையில் படுத்த ஏணி மாதிரி ஒரு பாய். சேறு மேடுபள்ளமாக இருந்தாலும் அதற்கேற்ப வளைந்து உட்காரும். பாய்க்கு அடியில் பனைமட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பினோம். பாரத்தைப் பரப்பி வாங்குவது அதுதான். மட்டை இல்லாத இடத்தில் நடந்தால் கழிகள் ஒவ்வொன்றாகப் புதைகின்றன. மட்டை உள்ள இடத்தில் பாய் முழுவதும் ஒன்றாகக் கொஞ்சம் அமுங்கி நின்றுவிடுகிறது. பச்சைச் சவுக்கு கனமான மரம். ஆனாலும் மழைக்கால வெள்ளம் எதையும் கிளப்பிக்கொண்டு போகும் என்பதால் இரு ஓரத்திலும் முளையடித்துக் கட்டினோம்.

பட்டையை உரிக்காமல் விட்டது கால் வழுக்காமல் இருக்க. தண்ணீரோரக் கழிகளில் சில வாரத்திலேயே பாசி படிந்து அந்தப் பிடிமானம் போய்விடுகிறது. குப்பத்து இளைஞர் ஒருவர் கிழிந்த வலையைக் கொண்டுவந்து கழிகளில் சுற்றிக்கொள்ளச் சொன்னார். நல்ல யோசனைதான், கால் கிண்ணென்று பிடிக்கும். ஆனால் நண்டு மாட்டிக்கொண்டு சாகும், நைந்த நைலான் இழை தண்ணீரில் கலக்கும். அதனால் தேங்காய் நார்க்கயிற்றைச் சுற்றினோம். அது உப்புத் தண்ணீரில் ஊறி நன்றாகவே நிற்கிறது. ஒரு பருவம் போனதும் மாற்ற வேண்டும், செலவு அதிகமில்லை.

படகு ஏறி இறங்கும் விளிம்பில் மட்டும் சவுக்கு போதாது. படகின் அடி தொடர்ந்து உரசும், பாரம் ஒரே இடத்தில் விழும். அங்கே இரண்டு பனங்கட்டைகளைத் தண்ணீருக்குள் சரிவாகத் தண்டவாளம்போலப் போட்டோம். வைரம் பாய்ந்த கிழட்டுப் பனை உப்புத் தண்ணீரில் நீண்ட காலம் தாங்கும் என்பது கடலோரத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இளம் பனை உதவாது, உள்ளே சோறுதான் இருக்கும். கட்டையின் மேல்பக்கத்தை இழைக்காமல் விட்டால் கறுப்பு நார்ச் சிலாம்பு உள்ளங்கையில் ஏறும், அதை எடுப்பது பெரும்பாடு. வாய்ச்சியால் சீவி, உடைந்த கண்ணாடித் துண்டால் வழித்துக் கொடுத்தார் ஊர்த் தச்சர். இப்போது கேனோவை ஒருவரே மேலே இழுத்துவிடலாம்.

தடத்தின் போக்கை முடிவுசெய்ததில் எங்கள் பங்கைவிட மற்றவர்களின் பங்கு அதிகம். வரைபடத்தில் அழகாக இருந்த குறுக்குவழி ஒன்றை முதலில் கைவிட்டோம். அந்தப் பகுதியில் மூங்கில் நட்டு வலை கட்டுகிறார்கள். துடுப்பு ஒருமுறை மாட்டினால் வலைக்கு ஏற்படும் நஷ்டம் நம் பொழுதுபோக்குக்கு ஈடாகாது. ஆழம் குறைந்த இன்னொரு பகுதியில் இருளர் பெண்களும் ஆண்களும் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிறார்கள். வலையும் கிடையாது, படகும் கிடையாது. விரலில் படும் அசைவுதான் கணக்கு. பிடித்ததைத் தண்ணீரில் மிதக்கும் பறியில் போட்டுக்கொள்வார்கள். பக்கத்தில் ஒரு படகு போய்ச் சேற்றைக் கலக்கினால் அன்றைய கூலியில் மண். அவர்களில் மூத்த அம்மா ஒருவரிடம் கேட்டபோது, "நீங்கள் வருவது தப்பில்லை ஐயா, நாங்கள் கரையேறின பிறகு வாருங்கள்" என்றார். அந்த ஓரத்தைத் தடத்திலிருந்தே எடுத்துவிட்டோம். சுற்றிப் போக இருபது நிமிடம் கூடுதல். யாரும் குறை சொன்னதில்லை.

பறவைகளுக்காகவும் தடத்தின் ஒரு கிளையை மூடி வைத்திருக்கிறோம். குளிர்காலத்தில் பூநாரைகளும் கூழைக்கடாக்களும் ஆழமற்ற திட்டுகளில் கூட்டமாக நிற்கின்றன. துடுப்புப் படகு சத்தம் போடாது, ஆகவே தொந்தரவு இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. விசைப்படகு தூரத்திலேயே கேட்டுவிடும், பறவை தயாராக இருக்கும். ஓசையில்லாமல் நாணல் மறைவிலிருந்து திடீரென்று தலைநீட்டும் கயாக்தான் அதைக் கதிகலங்க அடிக்கிறது. நீட்டிய கழுத்தோடு பூநாரை நடக்கத் தொடங்கினாலே நாம் மிக அருகில் வந்துவிட்டோம் என்று பொருள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அந்தக் கிளை வரைபடத்தில் சிவப்புக் கோடு.

அறிவிப்புப் பலகை விஷயத்தில் எங்களுக்குள் வாக்குவாதம் நிறைய நடந்தது. தண்ணீருக்கு நடுவே கம்பம் நட்டு அம்புக்குறி போட வேண்டும் என்றது ஒரு கட்சி. இரவில் மீன்பிடிக்கப் போகும் ஃபைபர் படகு அதில் மோதினால் யார் பதில் சொல்வது? அதனால் நீரில் ஒன்றும் நடவில்லை. கரையில் இருக்கும் அடையாளங்களையே வழிகாட்டியாக எழுதினோம்: ஒற்றைப் பனை, நீலத் தொட்டி உள்ள இறால் பண்ணை, கைப்பேசிக் கோபுரம், கோட்டை மதில். இரண்டு அடையாளங்கள் ஒரே நேர்கோட்டில் வரும்போது திரும்பு என்று குறிப்பு. கடலுக்குப் போகிறவர்கள் காலங்காலமாகச் செய்வது இதுதான். புறப்படும் இடத்தில் மட்டும் ஒரு பலகை வைத்தோம். இரும்புத் தகடு உப்புக்காற்றில் நிற்காது என்பதால் வேப்பம்பலகையில் எழுத்துகளைச் செதுக்கி, பள்ளத்தில் பெயின்ட் ஊற்றினோம். மேற்பூச்சு உரிந்தாலும் செதுக்கல் நிற்கும்.

போய்வருகிற சுகத்தைப் பற்றி எழுதாவிட்டால் இவ்வளவு பாடும் எதற்கு என்று கேட்பீர்கள். கிழக்கு வெளுக்கும்போது புறப்பட வேண்டும். அப்போது நிலத்திலிருந்து கடல் பக்கம் மெல்லிய காற்றுத்தான். தண்ணீர் அசையாமல் கிடக்கும். மடவை மீன்கள் துள்ளும் சத்தம் முன்னும் பின்னும் கேட்டுக்கொண்டே வரும், சில நேரம் ஒன்றிரண்டு படகுக்குள்ளேயே விழும். சூரியன் ஏறியதும் மணல் மேட்டுக்கு அந்தப் பக்கம் அலை உடையும் ஓசை கேட்கும், கடல் மட்டும் தெரியாது. பத்து மணிக்குப் பிறகு கடற்காற்று எழும். அதற்குள் பனைமேட்டைத் தாண்டிவிட்டால் மீதி வழி சிரமமில்லை. வாடைக்காற்று வீசும் மாதங்களில் போகும்போது காற்று முதுகைத் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அறையும். வலுவை எல்லாம் போகும்போதே செலவழித்துவிட்டவர்கள் கடப்பாக்கத்தில் கரையேறிப் படகை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம்; வெட்கப்பட ஒன்றுமில்லை. அதற்காகவே தடத்தின் தென்முனையை வண்டி வந்து நிற்கும் இடமாகப் பார்த்து வைத்திருக்கிறோம்.

ஆலம்பரைக் கோட்டையை நீரின் பக்கமிருந்து பார்க்கும்போதுதான் அந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று புரிகிறது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் அமைதியான கழி. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மதில். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது என்கிறார்கள். இங்கே நீண்ட படகுத்துறை இருந்தது, உப்பும் நெய்யும் சரிகைத் துணியும் கப்பலேறின. 1735 வாக்கில் ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி கான் கையில் இருந்தது. 1750-இல் ஹைதராபாத் நிஜாம் குடும்பத்து முசாபர் ஜங் இதைப் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநரான டூப்ளேவுக்குக் கொடுத்தார். 1760-இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். 2004 சுனாமியும் தன் பங்குக்குச் சேதப்படுத்தியது. வீடளவு மதில் துண்டுகள் மணலில் சாய்ந்து கிடக்கின்றன. அருகில் போய்ப் பார்த்தால் தட்டையான சிறு செங்கற்களுக்கு நடுவே விரல் கனத்துக்குச் சுண்ணாம்புச் சாந்து. செங்கல் உப்பரித்து உள்வாங்கியிருக்க, சாந்து மட்டும் வரிவரியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. சாந்துக்குள் கிளிஞ்சல் துணுக்குகள் இன்னும் தெரிகின்றன. சுவரின்மேல் ஏறாதீர்கள். படகையும் மதிலை ஒட்டி நிறுத்த வேண்டாம். தண்ணீருக்குள் கிடக்கும் இடிபாடுகளில் ஆளி நிறைய. கொஞ்சம் தள்ளி மணற்கரை இருக்கிறது, அங்கே இறங்கி நடந்து வரலாம்.

கொண்டுபோக வேண்டியவை அதிகமில்லை. லைஃப் ஜாக்கெட், அதைப் பையில் வைக்காமல் உடம்பில் போட்டுக்கொள்ள வேண்டும். கழுத்தில் விசில். ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் குடிநீர். வழியில் உப்புத் தண்ணீர் தவிர வேறு கிடையாது. காலில் வார் வைத்த பழைய கேன்வாஸ் ஷூ. ரப்பர்ச் செருப்பை முதல் அடியிலேயே சேறு வாங்கிக்கொள்ளும். ஆழமில்லாத மணலில் இறங்க நேர்ந்தால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நகருங்கள். புதைந்து கிடக்கும் திருக்கை அசைவு தெரிந்து விலகிப்போகும், மிதித்தால்தான் வால் முள்ளால் குத்தும். கெளுத்தி படகுக்குள் விழுந்தால் கையால் எடுக்க வேண்டாம்.

குறையும் இருக்கிறது. பனைமேட்டில் கழிப்பிட வசதி இல்லை. பெண்கள் வரும் குழுக்களுக்கு இது பெரிய தடை. கட்டுமானம் கூடாது என்கிற இடத்தில் என்ன செய்யலாம் என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். சாலையோரக் கடை ஒன்றோடு ஏற்பாடு செய்துகொண்டு இறங்குதுறையையே அதன் பக்கம் நகர்த்துவது ஒரு யோசனை. நிழல் போய்விடும், ஆனாலும் அதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும் என்று நான் நினைக்கிறேன். கிழக்குப் பக்கம் மணல் திட்டில் இன்னொரு இறங்குமிடம் பார்க்க வேண்டியிருக்கிறது. அங்கே சேறு இல்லை, பாய் போடும் வேலை இருக்காது.

வரைபடத்தின் மூலையில் ஆழங்கள் எந்த மாதம் எடுத்தவை என்று அச்சிட்டிருக்கிறோம். மழை முடிந்து முகத்துவாரம் எங்கே உடைத்துக்கொள்கிறது என்று பார்த்த பிறகே அடுத்த பதிப்பு. அதற்குள் வருபவர்கள் ஒரு சுருள் நார்க்கயிறு வாங்கி வந்தால் பனைமேட்டில் உதவியாக இருக்கும். தண்ணீரோரக் கழிகளில் பழைய கயிறு நைந்துவிட்டது.